சேலத்தின் 0427 எப்படி 279 ஆனது? – கணினிக் கேள்வி பதில்

கான்ஃபிக் ஃபைல் என்று நாம் பேச்சில் சொல்லும் அமைவுக் கோப்பைப் பற்றிச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் இம்மாதம் வந்த கடிதங்கள் ஒன்றோடொன்று தொடர்புடையனவாக இருந்ததால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எந்தத் தரவுத்தளம், எந்தப் பிரிண்டர், எத்தனை நொடி காத்திருப்பது என்பன போன்ற மதிப்புகளை நிரலுக்குள் எழுதாமல் வெளியே ஒரு கோப்பில் வைத்து, நிரல் தொடங்கும்போது படித்துக்கொள்வதுதான் பொருள். கேட்பதற்கு எளிது. வந்த கடிதங்களைப் பார்த்தால் அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை.

கேள்வி: கொலுசுப் பட்டறைகளுக்கு ரசீது போடும் சிறு மென்பொருளைப் பைத்தானில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடை விவரம், பிரிண்டரின் பெயர், சேதார விழுக்காடு ஆகியவை ஓர் ஐ.என்.ஐ. கோப்பில், அதாவது தலைப்பிட்ட பிரிவுகளுக்குள் 'பெயர் = மதிப்பு' என்ற வரிகள் கொண்ட கோப்பில், இருக்கின்றன. என் மடிக்கணினியில் எல்லாம் நன்றாக ஓடுகிறது. பட்டறைக் கணினியில், இரவுக் கணக்கு முடிக்கும் வேலையை, குறித்த நேரத்தில் நிரலைத் தானே ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் வைத்தால் மட்டும் 'அப்படி ஒரு பிரிவு இல்லை' என்ற பிழை வருகிறது. கோப்பு நிரலின் பக்கத்திலேயே இருக்கிறது, பிரிவும் அதற்குள் இருக்கிறது. தவறு எங்கே?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: பாதை எதுவும் இல்லாமல் வெறும் கோப்புப் பெயரைக் கொடுத்தால், இயங்குதளம் அதை நிரல் இருக்கும் கோப்புறையில் தேடுவதில்லை, அந்த நேரத்தில் நடப்புக் கோப்புறையாக எது இருக்கிறதோ அதில் தேடுகிறது. மடிக்கணினியில் நீங்கள் நிரல் இருக்கும் கோப்புறைக்குள் சென்றுதான் அதை ஓட்டுகிறீர்கள் என்பதால் இரண்டும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. டாஸ்க் ஷெட்யூலரில் 'ஸ்டார்ட் இன்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டால் நடப்புக் கோப்புறை விண்டோஸின் சிஸ்டம்32 ஆகிவிடும். லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் கிரான் வழியே ஓட்டினால் அது பயனரின் ஹோம் கோப்புறையாகவும், பின்னணியில் ஓடும் சிஸ்டம்டி சேவையாக ஓட்டினால் கோப்பு மரத்தின் மூலக் கோப்புறையாகவும் இருக்கும்.

அப்படியானால் 'கோப்பைக் காணவில்லை' என்றல்லவா பிழை வரவேண்டும் என்று கேட்பீர்கள். நீங்கள் அரை நாளை இழந்தது இங்கேதான். ஐ.என்.ஐ. கோப்புகளைப் படிக்கும் பைத்தான் நூலகமான கான்ஃபிக்பார்சரில் உள்ள 'ரீட்' என்ற செயல், கொடுத்த கோப்பு இல்லாவிட்டால் ஒரு சொல்லும் சொல்லாமல் அடுத்த வேலைக்குப் போய்விடும். இது கவனக்குறைவால் நேர்ந்ததும் இல்லை: அமைவுக் கோப்பு இருக்கக்கூடிய மூன்று நான்கு இடங்களைப் பட்டியலாகக் கொடுத்தால், இருப்பவற்றை மட்டும் படித்துக்கொள்ளட்டும் என்பதற்காகத் தெரிந்தே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். எந்தெந்தக் கோப்புகளைப் படித்தேன் என்ற பட்டியலை அச்செயல் திருப்பித் தருகிறது. ஆனால் அதை வாங்கிப் பார்ப்பவர் அரிது. ஆகவே கோப்பு இல்லாததை உங்கள் நிரல் அறியவே இல்லை. வெற்றுத் தொகுப்பை வைத்துக்கொண்டு மேலே சென்று, முதல் பிரிவைக் கேட்ட இடத்தில் விழுந்திருக்கிறது.

இரண்டு திருத்தங்களைச் செய்யுங்கள். முதலாவது, கோப்பின் பாதையை நிரலின் இருப்பிடத்திலிருந்து கணக்கிடுங்கள். பைத்தானில் '__ஃபைல்__' என்ற மாறியிலிருந்து முழுப் பாதையை எடுத்து, அதன் தாய்க் கோப்புறையோடு கோப்புப் பெயரைச் சேர்த்தால் போதும். ஆனால் பைஇன்ஸ்டாலர் கொண்டு ஒரே எக்ஸி கோப்பாக்கிக் கொடுத்திருந்தால் அந்த மாறி, நிரல் ஓடும்போது மட்டும் உருவாகும் ஒரு தற்காலிகக் கோப்புறையைக் காட்டும், அங்கே 'சிஸ்.எக்ஸிகியூட்டபிள்' தரும் பாதையைத்தான் பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, 'ரீட்' செயலை விட்டுவிட்டுக் கோப்பை நீங்களே திறந்து 'ரீட்_ஃபைல்' செயலிடம் கொடுங்கள். கோப்பு இல்லாவிட்டால் திறக்கும் வரியிலேயே, பாதையோடு சேர்த்துப் பிழை வந்துவிடும்.

கடிதத்தோடு அனுப்பியிருந்த கோப்பில் 'சேதாரம் = 6%' என்று ஒரு வரி இருக்கிறது. பாதையைச் சரிசெய்த மறுகணமே அடுத்த பிழை அங்கே காத்திருக்கிறது. கான்ஃபிக்பார்சருக்கு விழுக்காட்டுக் குறி என்பது, வேறொரு மதிப்பை இங்கே கொண்டுவந்து பொருத்து என்னும் கட்டளையின் தொடக்கம். தனியாக நிற்கும் குறியைக் கண்டால், அதுவும் கோப்பைப் படிக்கும்போது இல்லாமல் அந்த மதிப்பைக் கேட்கும்போது, பிழை எழுப்பும். குறியை இரட்டிக்கலாம், அல்லது இந்த இடைப்பொருத்தம் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். நானாக இருந்தால் 'சேதார விழுக்காடு = 6' என்று அலகைப் பெயருக்குள் வைத்துவிட்டு, மதிப்பில் எண்ணை மட்டும் விட்டிருப்பேன். மதிப்பின் வலப்பக்கத்தில் அரைப்புள்ளி இட்டுக் குறிப்பு எழுதும் பழக்கமும் உங்களுக்கு இருக்கிறது. இயல்பு நிலையில் பைத்தான் 3 அந்தக் குறிப்பையும் மதிப்பின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். குறிப்புகளைத் தனி வரியில் எழுதுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காபி எஸ்டேட்டில் விருந்தினர் தங்க நான்கு அறைகள் இருக்கின்றன. முன்பதிவு செய்பவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் நிரலை நானே எழுதினேன்; தொலைபேசி எண்களும் வேன் புறப்படும் நேரங்களும் யாமல் என்ற வடிவத்தில் எழுதிய ஓர் அமைவுக் கோப்பில் உள்ளன. ஏற்காட்டின் குறியீடு 04281 சரியாக வருகிறது. சேலம் அலுவலகத்தின் 0427 மட்டும் 279 என்று செல்கிறது. காலை 06:00 வேன் சரியாக இருக்கிறது; 10:15 வேன் 615 என்று செல்கிறது. விருந்தினர் ஒருவர், 615 என்பது வேனின் எண்ணா என்று கேட்டுவிட்டார். கோப்பைத் திருத்துவது எங்கள் எஸ்டேட் ரைட்டர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.
– வாசகி, ஏற்காடு

பதில்: ரைட்டரைக் குறை சொல்லாதீர்கள், அம்மா. அவர் எழுதியது சரி, உங்கள் நிரலும் சரி, யாமலும் தன் விதிப்படியே நடந்திருக்கிறது. விதிதான் நமக்கு ஒத்துவரவில்லை.

யாமலில் மேற்கோள் குறி இல்லாமல் எழுதப்படும் ஒவ்வொரு மதிப்பையும் பார்த்து, இது எண்ணா, ஆம்-இல்லை என்ற விடையா, தேதியா, வெறும் எழுத்தா என்று படிக்கும் நூலகமே முடிவு செய்கிறது. பைத்தானில் பெரும்பாலோர் பயன்படுத்தும் பை-யாமல் நூலகம் பின்பற்றுவது, 2005-இல் வெளிவந்த யாமல் 1.1 விதிகளை. அவ்விதிகளின்படி சுழியத்தில் தொடங்கி, 0 முதல் 7 வரையிலான இலக்கங்களை மட்டுமே கொண்ட எண், எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ணாகும். 0427 அப்படியே பொருந்துகிறது: நான்கு 64 என்பது 256, இரண்டு 8 என்பது 16, கடைசியில் ஒரு 7, கூட்டினால் 279. ஏற்காட்டின் 04281-இல் 8 என்ற இலக்கம் இருக்கிறது. எட்டின் அடிமானத்தில் அப்படி ஓர் இலக்கமே கிடையாது. வழக்கமான பதின்ம எண்ணாக ஏற்றுக்கொள்ளவோ, முதலில் சுழியம் இருக்கக் கூடாது என்பது விதி. இரண்டிலும் சேராததால் நூலகம் அதை எழுத்துச் சரமாகவே விட்டுவிட்டது. ஆத்தூரின் 04282, மேட்டூரின் 04298 ஆகியவையும் இதே காரணத்தால் தப்பும்; கோயம்புத்தூரின் 0422 தப்பாமல் 274 ஆகும், சென்னையின் 044 வெறும் 36 ஆகும். மலைமேல் இருக்கும் எண் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு மலையடிவாரத்து எண்ணும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை.

வேன் நேரத்தின் கதையும் இதற்கு உறவுதான். அதே 1.1 விதிகளில், முக்காற்புள்ளியால் பிரித்த இலக்கங்கள் அறுபதை அடிமானமாகக் கொண்ட எண்ணாகக் கொள்ளப்படும்; ஆகவே 10:15 என்பது பத்து அறுபது 600, அதனோடு 15, மொத்தம் 615. நாளொன்றுக்கு அறுபது நாழிகை, நாழிகைக்கு அறுபது விநாழிகை என்று கணக்கிட்டவர்கள் நாம் என்பதால் கணக்கு நமக்குப் புதிதில்லை; அதை யாரும் கேட்காமலே செய்ததுதான் தொல்லை. 06:00 தப்பியதற்குக் காரணம் அது சுழியத்தில் தொடங்குவது மட்டுமே. 2009-இல் வந்த யாமல் 1.2, அறுபதின் கணக்கை நீக்கியது. எட்டின் அடிமானத்துக்குத் தனி முன்னொட்டு வேண்டும் என்றும் ஆக்கியது. ஆனால் அதைப் பின்பற்றும் நூலகத்துக்கு மாறினாலும் 0427 உங்களுக்குக் கிடைக்காது. முன் சுழியம் உதிர்ந்து 427 என்றுதான் வரும்.

தொலைபேசிக் குறியீட்டையும் பின்கோடையும் யாரும் கூட்டிக் கழிப்பதில்லை என்பதால், இலக்கங்களால் எழுதப்பட்டாலும் அவை எண்கள் ஆகா. யாமலிலேயே தொடர்வதானால் அவற்றையும் நேரங்களையும் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். வெளிநாட்டு விருந்தினரின் நாட்டுக் குறியீடுகளையும் பட்டியலிடுவீர்கள் என்றால் நார்வேயை மறக்காதீர்கள். அதன் ஈரெழுத்துக் குறியீடு ஆங்கிலத்தில் 'இல்லை' என்னும் சொல்லாக அமைந்துவிட்டதால், மேற்கோள் இல்லாவிட்டால் 1.1 விதி அதைப் பொய் என்னும் மதிப்பாக மாற்றிவிடும். நிரலாளர்களிடையே இதற்கு நார்வே சிக்கல் என்றே பெயர். கோப்பைப் படிக்க 'சேஃப்_லோட்' என்ற செயலையே பயன்படுத்துங்கள். பழைய பதிப்புகளில் வெறும் 'லோட்', கோப்பில் எழுதியிருப்பதைக் கொண்டு எந்தப் பைத்தான் பொருளையும் உருவாக்க இடம் கொடுத்தது, அதாவது கோப்பைத் திருத்தக்கூடியவர் உங்கள் கணினியில் கட்டளையையே ஓட்டிவிடலாம்.

ஆனால் மேற்கோள் குறியை நீங்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். கோப்பைத் திருத்துபவர் ரைட்டர். சாக்குகளை எண்ணுவதற்கும் ஆள் கணக்கு எழுதுவதற்கும் நடுவில் அவசரமாக ஓர் எண்ணை மாற்றுபவருக்கு, தவறினால் உடனே அதட்டும் வடிவம்தான் ஏற்றது. அந்த வகையில் பார்த்தால் ஐ.என்.ஐ. எல்லாவற்றையும் எழுத்தாகவே தருவதால் 0427 அதில் பிழைக்கும். ஆனால் எந்த மதிப்பையும் சரிபார்க்காது. நிரல்கள் தமக்குள் தரவு பரிமாறிக்கொள்ளும் ஜேசன் என்ற வடிவம் 0427-ஐ மறுத்துவிடும், அது நன்று. குறிப்பு எழுத அதில் இடம் இல்லை, பட்டியலின் முடிவில் ஒரு காற்புள்ளி மிகுந்தாலும் மறுக்கும், ஒரே பெயரை இரண்டு முறை எழுதினால் மட்டும் பைத்தானின் ஜேசன் நூலகம் பேசாமல் பின்னதை எடுத்துக்கொள்ளும். மனிதர் கையால் திருத்தும் கோப்புக்கு ஜேசனை நான் பரிந்துரைப்பதில்லை.

உங்களுக்கு டோமல் பொருந்தும். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் நிறுவனர்களுள் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் 2013-இல் தொடங்கிய வடிவம் இது, 1.0 பதிப்பு 2021-இல் வந்தது. 2022-இல் வெளியான பைத்தான் 3.11 முதல் 'டோமல்லிப்' என்ற பெயரில் உடன் வரும் நூலகமாகவே இருக்கிறது. மேற்கோள் இல்லாமல் 0427 என்று எழுதினாலும் 10:15 என்று எழுதினாலும் ஒரே பெயரை இரண்டு முறை எழுதினாலும், எந்த வரி, எந்த இடம் என்று சொல்லி நின்றுவிடும். யாமலில் உள்தள்ளலுக்கு டேப் விசையை அழுத்திவிட்டு விழிக்கும் தொல்லையும் இல்லை. 'டோமல்லிப்' படிக்க மட்டுமே செய்யும், எழுதாது. சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். மனிதர் எழுத, நிரல் படிக்க என்று இருக்கும் கோப்பில் நிரலுக்கு எழுதும் வேலை ஏன் என்பது என் கட்சி. கோப்பை இரும முறையில் திறந்து கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். முதல் நாளில் எல்லோரும் இடறும் இடம் அது.

கேள்வி: நாங்கள் ஆறு மாணவர்கள் சேர்ந்து இறுதியாண்டுப் புராஜெக்ட் செய்கிறோம். தரவுத்தளக் கடவுச்சொல் உள்ள டாட் என்வ் என்ற அமைவுக் கோப்பைத் தெரியாமல், நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் சேர்த்து, எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்துக்கு அனுப்பிவிட்டோம். மறுநாள் கிட்இக்னோரில் அதன் பெயரைச் சேர்த்தோம். இப்போது பாதுகாப்பாகிவிட்டதா?
– மாணவி, சேலம்

பதில்: இல்லை. இந்தப் பக்கத்தை மேலும் படிப்பதற்கு முன் அந்தக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு வாருங்கள்.

கிட்இக்னோர் என்பது, இதுவரை கண்காணிப்பில் இல்லாத கோப்புகளைச் சேர்க்காதே என்ற சொல் மட்டுமே; ஏற்கெனவே சேர்ந்துவிட்ட கோப்பை அது தொடாது. 'கேஷ்டு' என்ற தெரிவுடன் நீக்கும் கட்டளையைக் கொடுத்தால், கோப்பு உங்கள் வட்டில் இருக்க, கண்காணிப்பிலிருந்து மட்டும் விலகும். அதன் பிறகும் பழைய கமிட்டுகளில், அதாவது முன்பு சேமித்த நிலைகளில், கடவுச்சொல் இருக்கும். வரலாற்றைத் திருத்தி எழுதும் கருவிகள் உண்டு. ஆனால் இடைப்பட்ட நேரத்தில் யாராவது நகல் எடுத்திருந்தால் அந்த நகலை நீங்கள் திருத்த முடியாது. எனவே கசிந்த கடவுச்சொல்லுக்கு மருந்து அதை மாற்றுவது ஒன்றே; வரலாற்றைத் துடைப்பது அதன் பின் செய்யும் வீட்டு வேலை.

இணையச் செயலிகளை ஓட்டித்தரும் ஹெரோக்கு நிறுவனத்தில் பணியாற்றியவர்கள் 2011-இல் எழுதிய பன்னிரு கூறுச் செயலி என்னும் கோட்பாட்டில் ஒரு சோதனை சொல்லப்பட்டிருக்கிறது: உங்கள் நிரல் முழுவதையும் இந்த நிமிடமே உலகுக்குத் திறந்துவிட்டாலும் எந்த இரகசியமும் வெளிப்படாது என்று சொல்ல முடியுமானால், அமைவுகளைச் சரியாகப் பிரித்திருக்கிறீர்கள். அவர்கள் பரிந்துரைத்தது, அமைவுகளைச் சூழல் மாறிகளில், அதாவது நிரல் தொடங்கும்போது இயங்குதளம் அதற்குக் கொடுக்கும் என்விரான்மென்ட் வேரியபிள்களில், வைப்பதை. உங்கள் ஆறு பேருக்கு அதன் எளிய வடிவம் இது: பெயர்கள் மட்டும் இருந்து மதிப்புகள் வெறுமையாக உள்ள ஒரு மாதிரிக் கோப்பைக் களஞ்சியத்தில் வையுங்கள், ஒவ்வொருவரும் அதை நகலெடுத்துத் தம் கணினியில் நிரப்பிக்கொள்ளட்டும். சர்வரில் அந்தக் கோப்பின் அனுமதியை 600 என்று வைத்தால் அதன் உரிமையாளரைத் தவிர மற்றப் பயனர்கள் திறக்க முடியாது. கடவுச்சொல்லை வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துகொள்ளப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். செய்யாதீர்கள் என்று சொல்வது என் கடமை.

கேள்வி: ஒரே நிரல் என் மடிக்கணினியிலும், சோதனைச் சர்வரிலும், கைத்தறிக் கடையின் நேரடிச் சர்வரிலும் ஓடுகிறது. மூன்றுக்கும் மூன்று முழு அமைவுக் கோப்புகள் வைத்திருக்கிறேன்; ஒன்றில் மாற்றினால் மற்ற இரண்டில் மறந்துவிடுகிறேன். நேரடிச் சர்வரில் டீபக் என்ற சூழல் மாறிக்கு 'ஃபால்ஸ்', அதாவது பொய், என்று கொடுத்தும், பிழை விவரங்கள் வாடிக்கையாளரின் திரையில் தெரிகின்றன. ஏன்?
– வாசகர், அம்மாபேட்டை

பதில்: இரண்டாவது பகுதிக்கு விடை சிறியது. சூழல் மாறியில் இருப்பது எப்போதும் எழுத்துச் சரம். வெறுமையல்லாத எந்தச் சரத்தையும் பைத்தான் 'மெய்' என்றே கொள்ளும். 'ஃபால்ஸ்' என்னும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சரமும் அவ்வாறே. 'பூல்' என்ற செயலை நம்பாமல், எந்தெந்தச் சொற்கள் மெய், எவை பொய் என்று நீங்களே வரையறுத்து, இரண்டிலும் சேராத சொல் வந்தால் நிரலை நிறுத்துங்கள். கான்ஃபிக்பார்சரின் 'கெட்பூலியன்' இதைத்தான் செய்கிறது.

முதல் பகுதிக்கு: மூன்று முழுக் கோப்புகளைக் கைவிட்டு, அடுக்குகளாக வையுங்கள். எல்லா இடத்துக்கும் பொதுவானவை ஒரு கோப்பில். அந்தந்த இடத்துக்கே உரிய நான்கைந்து வரிகள் மட்டும் இன்னொரு சிறு கோப்பில். அதன் மேல் சூழல் மாறிகள். எல்லாவற்றுக்கும் மேல் கட்டளை வரியில் கொடுப்பவை. மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும். இணைய நிரல்கள் எழுத உதவும் ஸ்பிரிங் பூட்டும் மைக்ரோசாஃப்டின் ஏ.எஸ்.பி. டாட்நெட் கோரும் இதே வரிசையைத்தான் இயல்பாகக் கொண்டிருக்கின்றன. பொதுக் கோப்பில் டீபக்கை 'பொய்' என்றே வைத்து, உங்கள் மடிக்கணினியின் சிறு கோப்பில் மட்டும் 'மெய்' ஆக்குங்கள். மறதி நேர்ந்தாலும் கடைக்காரர் பக்கம் தீங்கு வராது.

அடுக்குகள் கூடக்கூட, ஒரு மதிப்பு எங்கிருந்து வந்தது என்பது மங்கிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு நான் எழுதிக் கொடுத்த நிரலில், ஈரப்பதத்தின் மேல் வரம்பை அமைவுக் கோப்பிலிருந்து படித்து, இல்லாவிட்டால் நிரலுக்குள் இருக்கும் இயல்பு மதிப்பை எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தேன். ஆலையில் வரம்பை மாற்றியபோது பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிற்று. நிரல் புதிய வரியைக் கண்டுகொள்ளவில்லை, பழைய பெயர் இல்லை என்றும் சொல்லவில்லை. இயல்பு மதிப்போடு இரண்டு வாரம் சமர்த்தாக ஓடியது. தவறு எழுத்தை விட்டவருடையது என்று அன்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. தெரியாத பெயரைக் கண்டும் வாய் திறக்காத நிரலை எழுதியவன் நான்.

அதன் பின் நான் மாற்றிக்கொண்ட முறை இதுதான். நிரல் தொடங்கியதும், வேறு எந்த வேலைக்கும் முன், எல்லா அடுக்குகளையும் ஒரே இடத்தில் படித்து, ஒவ்வொரு மதிப்பையும் அதன் வகைக்கு மாற்றி, மாற்ற முடியாத ஒரு பொருளில் அடைத்துவிடுகிறேன். நிரலின் மற்றப் பகுதிகள் கோப்பையோ சூழல் மாறியையோ தொடுவதில்லை, அந்தப் பொருளை மட்டுமே பார்க்கின்றன. கட்டாயமான பெயர் இல்லை என்றாலும், எனக்குத் தெரியாத பெயர் இருந்தாலும், எண் வரம்புக்கு வெளியே போனாலும், கோப்பின் பாதையோடு செய்தி சொல்லி நிரல் நின்றுவிடும். நின்றவுடன் தொலைபேசி வருகிறது என்பது உண்மைதான்; ஆனால் அது காலை ஒன்பது மணிக்கு வருகிறது, இரண்டு வாரம் கழித்து வருவதில்லை. எல்லாம் சரியாக இருந்தால், எந்த மதிப்பு எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதைப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள்; கடவுச்சொற்களுக்கு மட்டும் உடுக்குறி (*).

கேள்வி: மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்தைப் பார்த்து வைக்கும் பாயின்ட் விலை தினமும் மாறுகிறது. அதையும் அமைவுக் கோப்பில் வைத்து, காலையில் மாற்றிக்கொள்ளலாமா?
– வாசகர், ஆத்தூர்

பதில்: வேண்டாம். நேற்றைய ரசீதை இன்று மறுபடி அச்சிட்டால் இன்றைய விலை அதில் ஏறிவிடும். கிழங்கு கொண்டுவந்த விவசாயி உங்கள் வாசலில் நிற்பார். நிரல் எங்கே, எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்பவை அமைவுகள். வியாபாரத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்பவை தரவுகள். பாயின்ட் விலைக்குத் தேதி உண்டு, அதை மாற்றியவர் யார் என்ற கேள்வி உண்டு. அதன் இடம் தரவுத்தளத்து அட்டவணை.

கேள்வி: ரசீதின் தலைப்பைத் தமிழில் அமைவுக் கோப்பில் எழுதியிருக்கிறேன். 'சேலை' என்று மட்டும் இருந்தபோது கிறுக்கல் எழுத்துகள் அச்சாயின. 'சேலம்' என்று ஊர்ப் பெயரைச் சேர்த்ததும் நிரலே ஓட மறுக்கிறது. ஊர்ப் பெயரில் என்ன குற்றம்?
– வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: மகர மெய்யின் தலையில் இருக்கும் புள்ளிதான் குற்றவாளி. இந்த மாதம் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

உங்கள் கோப்பு, எழுத்துகளை எண்களாக மாற்றி வைக்கும் குறிமுறைகளுள் ஒன்றான யூ.டி.எஃப்-8 முறையில் சேமிக்கப்பட்டிருக்கிறது. கோப்பைத் திறக்கும்போது குறிமுறையைச் சொல்லாததால், இன்று பரவலாக உள்ள பைத்தான் பதிப்புகள் விண்டோஸின் இயல்புக் குறிமுறையை எடுத்துக்கொள்கின்றன. நம் ஊர்க் கணினிகளில் அது பெரும்பாலும் 1252 என்ற மேற்கு ஐரோப்பியக் குறிமுறை. யூ.டி.எஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள். 'சேலை'யின் பைட்டுகள் ஒவ்வொன்றுக்கும் 1252-இல் ஏதோ ஓர் ஐரோப்பிய எழுத்தோ குறியோ இருப்பதால் அவை கிறுக்கலாக மாறின, பிழை வரவில்லை. மெய்யெழுத்தின் புள்ளிக்கு உரிய மூன்றாவது பைட்டு, பதினாறின் அடிமானத்தில் 8டி. 1252-இல் அந்த இடம் காலி. ஏற்க எழுத்து இல்லாததால் பைத்தான் நின்றுவிட்டது. 'ஏ', 'ஐ' ஆகிய இரண்டு உயிரெழுத்துகளுக்கும் இதே கதி என்பதால், ஏற்காட்டில் கிளை திறந்தாலும் இதே பிழைதான் வரும்.

திறக்கும் வரியில் 'என்கோடிங்' என்ற இடத்தில் யூ.டி.எஃப்-8 என்று வெளிப்படையாகக் கொடுங்கள். கடைக்காரர் பழைய நோட்பேடில் கோப்பைத் திருத்துவாரானால் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி சேர்ந்துவிடும். அப்போது கான்ஃபிக்பார்சர் முதல் வரியிலேயே 'பிரிவின் தலைப்பு இல்லை' என்று சொல்லும், நீங்கள் திறந்து பார்த்தால் தலைப்பு அங்கேயே இருக்கும். 'யூ.டி.எஃப்-8-சிக்' என்ற குறிமுறைப் பெயரைக் கொடுத்தால் அந்தக் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரியாகப் படிக்கும். இதைச் செய்துவிட்டு 'சேலம்' என்று அச்சிட்ட ரசீது ஒன்றை அனுப்பிவையுங்கள்.